கம்பெனி வாசலில் பனிச்சறுக்கு

நான் பொய் சொன்னால் மின்னஞ்சலில்தான் சொல்வேன். நேரில் சொல்கிற தைரியம் கிடையாது. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில் அப்படி எழுதிய ஒரே ஒரு வரி, என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

பனியில் சறுக்கி ஓடும் வீரர்களுக்கான இறுக்கமான பேன்ட்டுக்கு ஒரு நார்வே கம்பெனி சாம்பிள் கேட்டிருந்தது. ஓடும்போது தையல் தாங்குமா, யாராவது போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். சறுக்கத் தெரிந்த எங்கள் ஊழியரே போட்டுப் பார்த்துவிட்டார் என்று பதில் போட்டேன். (எங்கூர்ல பனிங்கறது மார்கழியில வண்டிக் கண்ணாடிய மங்க வைக்கும், அவ்வளவுதானுங்க.)

அடுத்த மாதமே அவர்களுடைய டிசைனர் இங்க்ரிட் நேரில் வந்து இறங்கினார். இளவயதில் பையத்லான் ஓடியவராம். அதாவது சறுக்கிக்கொண்டே போய், நடுநடுவே நின்று துப்பாக்கி சுடும் போட்டி. அவர் கொண்டுவந்த நீளப் பையில் சக்கரம் வைத்த சறுக்குக் கட்டைகள் இரண்டும் ஊன்றுகோல்கள் இரண்டும் இருந்தன. பனி இல்லாத மாதங்களில் தார் ரோட்டில் பழகுவதற்கு. சறுக்கத் தெரிந்த அந்த ஊழியரைப் பார்க்க வேண்டும் என்றார்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அந்த ஆளு நீதான்னு சொல்லிப்போட்டேன் அம்மிணி.”

“எனக்குத் தெரியாதுங்க சார்.”

“எழுதத் தெரிஞ்சுதல்ல?”

பாத்ரூமில் ஒளிந்துகொண்டு சறுக்குவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்தேன். ஆர்டர் போனால் அடுத்து வேலை போகும். இங்க்ரிட்டின் பூட்ஸ் எனக்கு இரண்டு சைஸ் பெரிது. உள்ளே கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்து, சாம்பிள் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். டீ நேரம் வேறு. டெய்லர்களும் செக்கிங் பெண்களும் ஜன்னலை அடைத்து நின்றார்கள்.

கட்டைகளை மாட்டிக்கொண்டு, நடப்பதுபோல் காலைப் பின்னால் உந்தினேன். சக்கரம் சும்மா உருண்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பயத்தில் இரண்டு காலையும் அகட்டினேன். வலது கால் குன்னத்தூருக்கும் இடது கால் திருப்பூருக்கும் புறப்பட்டன. வேகமாக விழுந்திருந்தால் கூடப் பரவாயில்லை. மெதுவாக, மிக மெதுவாக, அத்தனை பேர் பார்க்கத் தரையை நோக்கி இறங்கினேன். துணி கிழியும் சத்தத்துக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிழியவில்லை. தையல் தாங்கியது, தொடைதான் தாங்கவில்லை.

இங்க்ரிட் மண்டியிட்டு முதலில் தையலைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. பொய் எழுதிவிட்டேன் என்று உட்கார்ந்த நிலையிலேயே ஒப்புக்கொண்டேன். அவர் எழுந்து உள்ளே போய் இன்னொரு சாம்பிளைப் போட்டுவந்து, கட்டைகளை மாட்டிக்கொண்டார்.

பின்னால் உந்தக்கூடாது, பக்கவாட்டில் உந்த வேண்டும் என்றார். உந்தி முடித்ததும் முழு எடையும் அடுத்த காலுக்குப் போய்விட வேண்டும். மூக்கும் முட்டியும் கால்விரலும் ஒரே கோட்டில் வரவேண்டும். நீ எந்தக் காலையும் நம்பாமல் நடுவில் நின்றாய், அதனால்தான் விழுந்தாய் என்றார். சொல்லிவிட்டு நான்கே உந்தலில் வாசலைக் கடந்தார். ஆனால் இரண்டு கோலையும் ஊன்றிக் குனிந்தபோது இடுப்புப் பட்டி பின்னால் சரிந்துவிட்டது. பின்பக்கத்துக்கு உயரம் போதவில்லை. யாராவது நிஜமாகவே போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். என்னால் தலைநிமிர முடியவில்லை.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை, திருத்தி வேறு சாம்பிள் அனுப்பச் சொன்னார். அதை அவரே போட்டுப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

ஒரு வாரம் வாத்து மாதிரி நடந்தேன். அதற்குள் ஜன்னலிலிருந்து யாரோ எடுத்த வீடியோ அவிநாசிபாளையம் வரை போயிருந்தது. எனக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து அந்த ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றபோது மாப்பிள்ளையின் அத்தை என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டார்: “ஏன் கண்ணு, காலு ரெண்டும் இப்பச் சேந்துருச்சா?”

“சேந்துருச்சுங்க” என்றேன். மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. இன்றைக்கும் எந்த விசேஷத்தில் பார்த்தாலும், அத்தை என் முகத்தைப் பார்க்கும் முன்பு குனிந்து காலைத்தான் பார்க்கிறார்.