பெண் கேட்கப் போன நைலான் அங்கி

கானோ,
ஜனவரி 14

அன்புத் தம்பி பஷாரிக்கு, அண்ணன் இனுவாவின் சலாம். உன் வீட்டார், உன் ஆடுகள், உன் முதுகுவலி எல்லாம் எப்படி? இங்கே ஹர்மத்தான் புழுதிக் காற்றில் உதடு வெடித்ததைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அதாவது, நேற்றுக் காலை வரை.

மகனுக்குப் பெண் கேட்கத் தந்தை போகக்கூடாது என்பது நம் வழக்கம். அதனால் உன் மகன் நூராவுக்காக என்னை அனுப்பினாய். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தத் தெரியாத, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியனை. போதாததற்கு, "இதையே போட்டுக்கிட்டுப் போங்கண்ணே, பருத்தியில போனா மானம் போயிடும்" என்று பளபளக்கும் நைலான் அங்கி ஒன்றையும் கொடுத்தாய். உன் தாராளத்தை நான் மறக்க முடியாது. பெண் கேட்கப் போகும்போது கொடுக்கும் கோலாக்கொட்டைப் பையை ஏந்தி, மரியாதைக்காகக் கால்களைத் தேய்த்துத் தேய்த்துக் கம்பளத்தைக் கடந்து, பெண்ணின் பெரியப்பா பாபா துகுருக்குக் கை நீட்டினேன். படீரென்று பொறி பறந்தது. அவர் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். கோலாக்கொட்டைகள் அறையெங்கும் உருண்டன.

பெண்ணின் சித்தப்பா லாவன் எழுந்தார். "வாத்தியாரே, கையில என்ன வெச்சிருக்கீங்க? சூனியமா?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சூனியமில்லை, வறண்ட காற்றில் நைலானும் கம்பளமும் உரசி என் உடம்பில் சேர்ந்த மின்சாரம் என்று முறைப்படி விளக்கினேன். பேனாவை அங்கியில் தேய்த்துத் தாள் துணுக்குகளுக்கு மேலே பிடித்தேன். அவை எழும்பி வந்து ஒட்டிக்கொண்டன. தாள் யார் பக்கமும் இல்லாதது, பேனாவின் மின்புலம் நெருங்கியதும் அதற்குள்ளேயே மின்னூட்டங்கள் பிரிகின்றன, எதிரானது பேனாவின் பக்கமும் ஒத்தது அப்பாலும் நகர்கின்றன, கிட்டே இருப்பதன் இழுப்பே வெல்கிறது, பெரியவர் கையிலும் இப்படித்தான் பிரிந்தது என்றேன்.

"அப்ப சும்மா கெடந்த தாளுக்குள்ள ரெண்டு கட்சி ஆக்கிட்டீங்க?" என்றார் லாவன்.

"ஆமாங்க!" என்றேன், ஒரு மாணவனுக்காவது புரிந்ததே என்ற மகிழ்ச்சியில்.

"எங்க குடும்பத்துக்குள்ளயும் அதைத்தான் பண்ண வந்தீங்களா?"

பண்ணியே விட்டேன் போலிருக்கிறது. என் அருகில் இருந்த மூவர், "பாவம்ப்பா, நல்ல மனுஷன்" என்றார்கள். சுவரோரம் இருந்த நால்வர், "மொதல்ல வெளிய அனுப்பு" என்றார்கள். இவ்வளவு தெளிவான விளக்கப்படத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. கடைசியில் கோலாக்கொட்டைகளைப் பொறுக்கி என் கையிலேயே கொடுத்தார்கள். பெண் இல்லை என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

ஆகவே நூராவுக்கு வேறு பெண் பார். தூது போக வேறு ஆளும் பார். அங்கியைப் பேருந்தில் அனுப்புகிறேன். பிழை என்னுடையதுதானோ என்ற சந்தேகம் வழக்கம்போல எனக்கு இருக்கிறது. இறைவன் உன் வீட்டுக்கு அமைதியையும், உனக்குத் துணி வாங்கும் அறிவையும் அருளட்டும்.

அண்ணன்,
இனுவா கம்போ

பி.கு.: உறையை ஒட்டுமுன் லாவனே வந்துவிட்டார். போன மழைக்காலத்திலிருந்து மரத்துக் கிடந்த பாபா துகுரின் விரல்கள் இன்று காலை கோலாக்கொட்டையைத் தாமாகவே பிளந்தனவாம். பெண் தரச் சம்மதம். ஒரே நிபந்தனை: வெள்ளிதோறும் நான் அதே அங்கியில் வந்து கைகொடுக்க வேண்டும். இது இயற்பியல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நூராவின் முகம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். அங்கியை அனுப்பவில்லை. கல்யாணத்தை மட்டும் மழைக்கு முன் முடித்துவிடு. காற்றில் ஈரம் ஏறினால் என் மகிமையெல்லாம் கசிந்து போய்விடும்.