மொட்டைமாடி மூலிகை

தறி வைத்திருக்கிற மனிதன் ஆயுளில் ஒரு தடவையாவது தறிகெட்டுப் போக வேண்டும் என்று நாச்சிமுத்து முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது.

காரணமே அந்தப் பற்கள்தான். காவி ஏறிக் கிடந்த அவற்றைப் பார்த்த பல் டாக்டர், “இனிமே வெத்தலை பாக்கைத் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டார். சொன்னது நாச்சிமுத்துவிடம். கேட்டுக்கொண்டது அவர் மனைவி சென்னியம்மாள். வீடு வந்து சேர்ந்த கையோடு வெற்றிலைப் பெட்டி சாமி அறைக்குப் போய் விபூதிப் பெட்டியாகிவிட்டது.

பள்ளிபாளையத்தில் எட்டு விசைத்தறிக்குச் சொந்தக்காரர் நாச்சிமுத்து. எட்டுத் தறியும் அவர் சொன்னால் ஓடும், சொன்னால் நிற்கும். வீட்டில், சென்னியம்மாள் சொன்னால் அவர் ஓடுவார், சொன்னால் நிற்பார். கல்யாணமான புதிதில் பீடி போயிற்று. பிராந்தியை நிறுத்தச் சொல்லி அவள் சண்டையெல்லாம் போடவில்லை; பழனிக்குப் போய் அவர் சார்பில் மொட்டைக்கு வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். முடியும் போயிற்று, பிராந்தியும் போயிற்று. சீட்டுக்கட்டிலிருந்து நாலு ராஜாவையும் உருவி அடுப்பில் போட்டுவிட்டு, “இந்த ஊட்டுல ராசா நீங்க ஒருத்தரு போதுமுங்க” என்றாள். அத்தோடு சீட்டாட்டமும் முடிந்தது.

இப்போது வெற்றிலையும் போயாயிற்று. வாய் சுத்தம், கை சுத்தம், மனசு சுத்தம். இவ்வளவு சுத்தமாக ஒரு மனிதன் எப்படிக் காலம் தள்ளுவது?

அந்த வாரமே ரங்கன் வந்து சேர்ந்தார். நாச்சிமுத்துவோடு ஒன்றாகப் படித்து ஒன்றாகத் தோற்றவர். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறார். வடக்கே மலைப்பக்கம் போர் போடப் போய்விட்டு வந்தவர், தறிக் கொட்டகையின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

“என்ன மாப்ளே இது?”

“வெதை.”

“என்ன வெதை?”

ரங்கன் சுற்றுமுற்றும் பார்த்தார். “சாமியாருங்க இழுக்கறாங்கல்ல, அது.”

“தேரா?”

“கஞ்சாடா!”

நாச்சிமுத்துவுக்கு ஒரு கணம் எட்டுத் தறியும் நின்றுபோன மாதிரி இருந்தது. ரங்கன் காதருகே வந்து சொன்னார். “அங்கெல்லாம் ரோட்டோரத்துல வேலியாட்டம் வெளையுது. ஒரு இழுப்பு இழுத்துட்டீன்னா உலகத்துல அத்தன பேரும் நல்லவங்களாத் தெரிவாங்க.”

“சென்னியம்மாளுமா?”

“அவிய எப்பவும் நல்லவியதான். உனக்குத்தான் பார்வை செரியில்ல.”

சட்டப்படி இது ஜெயில் விவகாரம் என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, சென்னியம்மாளின் தம்பி வேலுசாமி போலீசில் ஏட்டு. ஆனாலும் மனிதர் துணிந்துவிட்டார். கடையில் வாங்கினால்தானே யாராவது பார்ப்பார்கள்? சொந்த வீடு, சொந்தச் செடி, சொந்தக் கெட்ட பழக்கம். இந்த முறை கடைந்தெடுத்த அயோக்கியனாகிவிடுவது என்று காலிப் பெயிண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியேறினார்.

“ஏனுங்க, வாளியெல்லாம் எங்க கொண்டு போறீங்க?”

“செடி வெக்கப் போறேன்.”

“ஆரு?”

“நாந்தான்.”

சென்னியம்மாள் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. “என்ன செடிங்க?”

“மூலிகை. இமயமலை மூலிகை. மூட்டு வலிக்கு.”

“உங்களுக்கு எங்கீங்க மூட்டு வலி?”

“வந்துட்டா?”

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நாச்சிமுத்து நம்பவே முடியாமல் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன முதல் பொய் செல்லுபடியாகியிருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், விதை முளைத்தது. இலை விரல் விரலாகப் பிரிந்தது. நாச்சிமுத்து விடிந்ததும் எழுந்து தண்ணீர் சுமந்தார். தறிக்கு நூல் வாங்கக் கோயம்புத்தூர் போய்விட்டு மறுநாள் திரும்பியபோது செடி ஒரு சாண் உயர்ந்திருந்தது. ஒரே நாளில் ஒரு சாண்!

“என்னா வீரியம்!” என்று மலைத்தார்.

“உங்க கைராசிங்க” என்றாள் பின்னாலேயே வந்த சென்னியம்மாள். கையில் எருக்கூடை. மூட்டு வலி வரப்போகிற கணவனுக்காக அவளே எரு போட்டாள். காக்காய் கொத்தாமல் பழைய சேலையை மறைப்பாகக் கட்டினாள். ஒருநாள் நுனிக் கொழுந்தையெல்லாம் காணோம் என்று அவர் பதறியபோது, “நாந்தானுங்க கிள்ளி உட்டேன். கிள்ளுனாத்தான் தழையும்” என்றாள்.

தழைத்தது. புதராகத் தழைத்தது. நாச்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஏட்டின் அக்காளே கஞ்சாவுக்கு எரு போடுகிறாள்! சந்தோஷத்தில் பசி வேறு கூடிப்போயிற்று. அந்த மாதம் வாரத்தில் பாதி நாள் புளிச்சக்கீரைக் கடைசல்தான். களியில் குழி பறித்து அதில் கடைசலை ஊற்றி, “இன்னும் கொஞ்சம் ஊத்து அம்மிணி” என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

வேலுசாமி வந்து நின்றது இந்தச் சமயத்தில்தான். காக்கிச் சட்டையோடு.

“மச்சான், மாடியில ஏதோ மூலிகை வளக்கறீங்களாமா? அக்கா சொல்லுச்சு.”

செடிக்கு வேர் விட்டது போதாதென்று நாச்சிமுத்துவுக்கும் வேர்த்துவிட்டது. “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. வெயிலு. மேல வந்தா உங்களுக்குத் தலைவலி வரும்.”

“தொப்பி இருக்குதுங்க மச்சான்.”

ஏட்டு படியேறினார். நாச்சிமுத்து பின்னால் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு வருஷம் உள்ளே போவது போலிருந்தது. வேலுசாமி வாளிகளைச் சுற்றி வந்தார். ஓர் இலையைக் கிள்ளினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயில் போட்டு மென்றார்.

நாச்சிமுத்து தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“அருமையா இருக்குதுங்க மச்சான்” என்று வேலுசாமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “ஊட்டுக்கு ஒரு கட்டு கொண்டுபோறேன். கொழந்தைங்களுக்குன்னா உசுரு.”

“கொழந்தைங்களுக்கா!”

“நாங்கெல்லாம் குடும்பத்தோட உக்காந்தா ஒரு சட்டி காலியாயிருமுங்க.”

ஏட்டு ஒரு கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, புல்லட்டில் ஏறி, பட்டப்பகலில் கடைவீதி வழியாகப் போனார். நாச்சிமுத்து திறந்த வாயை மூடவில்லை. போலீஸ் குடும்பமே இப்படியா? குழந்தை குட்டியெல்லாமா? சென்னியம்மாள் பிறந்த வீட்டைப் பற்றி அவருக்கு முதல்முறையாக ஒரு மரியாதை பிறந்தது.

செடி பூத்தது. இளமஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. அவர் ரங்கனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ரிக் வண்டி பாறையைக் குடைந்துகொண்டிருந்தது.

“மாப்ளே, பூத்துருச்சு!”

“என்னது? பூந்துருச்சா? போலீசா?”

“பூ! பூ! உள்ளங்கை அகலம்!”

“உள்ளங்கை அகலமா? அங்கெல்லாம் பூவே கண்ணுக்குத் தெரியாதேடா. அட, நம்ம மண்ணு அப்படி!” என்று ரங்கன் கத்தினார். லைன் அறுந்தது.

அறுவடை நாளும் வந்தது. பூவையும் நுனி இலையையும் கொய்து பழைய வேட்டியில் பரப்பினார். சென்னியம்மாள் கூட உட்கார்ந்து காம்பு ஆய்ந்தாள். நன்றாகச் சருகானதும், ஒரு சாயங்காலம், நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துச் சுருட்டினார். நல்ல நேரம் போட்டிருந்த பக்கம் வெளியே தெரியும்படியாகத்தான் சுருட்டினார். தொட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து பற்றவைத்தார்.

முதல் இழுப்பில் இருமல். இரண்டாவது இழுப்பில் கண்ணீர். மூன்றாவதில் உலகம் மாறத் தொடங்கியது. தறிச் சத்தம் நாதஸ்வரமாகக் கேட்டது. சாக்கடை சாம்பிராணியாக மணந்தது. எதிர்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த வசந்தாமணி, தண்ணீர்க் குழாய்க்காக அவரோடு வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறவள், குலதெய்வமாகத் தெரிந்தாள். அவர் எழுந்து கும்பிட்டார். அவள் துணியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

எல்லோரும் நல்லவர்கள்! எத்தனை பேரைத் தப்பாக நினைத்துவிட்டேன்! நாச்சிமுத்துவுக்கு அழுகை பொங்கியது. அந்த வேகத்தில் ஞாபகம் வந்தது மாமியார் மாரக்காள். ஒரு காதுகுத்து விருந்தில், “மாப்பிள்ளைக்குப் போதும், வயிறு ஏற்கெனவே இலையத் தொடுது” என்று பந்திக்கே கேட்கும்படி சொன்ன புண்ணியவதி. அன்றிலிருந்து அந்தம்மாள் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சபதம். சென்னியம்மாளின் கட்டளைகளுக்கு நடுவில் அவர் ஜெயித்து வைத்திருந்த ஒரே சபதம் அது. அழுதுகொண்டே எடப்பாடிக்குப் போன் போட்டார்.

“அத்தை!”

“ஆருங்க?”

“நாந்தாங்க, நாச்சிமுத்து.”

“எந்த நாச்சிமுத்து?”

“உங்க மாப்பிள்ளைங்க.”

“என்ற புள்ளைக்கு என்னாச்சு?”

“அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க இங்க வரோணுங்க. நம்மூட்லயே இருக்கோணுங்க.”

“எத்தன நாளைக்கு?”

“நாளென்னங்க நாளு! உசுரு இருக்கற வரைக்கும்!”

“ஆரு உசுரு?”

“ஆரு உசுரா இருந்தா என்னங்க அத்தை!” என்று தேம்பினார் நாச்சிமுத்து.

மறுநாள் காலையில் தலை தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்ததுதான் பிரச்சினை. பேசியது ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. நேராகச் சமையலறைக்குப் போனார். உண்மையைச் சொல்லி அழைப்பை ரத்து செய்வது தவிர வேறு வழியில்லை.

“சென்னி, நேத்து உங்கம்மாகிட்ட நான் பேசல.”

“அம்மா பேசுனீங்கன்னு சொல்லுச்சுங்களே.”

“வாயி என்னுது. பேசுனது நானில்ல. அது மூலிகையே இல்ல, கஞ்சா. போதைல வந்த பேச்சு. போதைல பேசுனது எந்தக் கோர்ட்டுலயும் செல்லாது.”

சென்னியம்மாள் மத்தை ஓரமாக வைத்தாள். அதிரவில்லை, அழவில்லை. “கஞ்சாவ எலை விட்ட மொதல் வாரத்துலயே தம்பி வந்து புடுங்கிட்டானுங்க. எல செரியில்லையேன்னு போட்டோ புடிச்சு அவனுக்கு அனுப்புனேன். பாதி டியூட்டில ஓடியாந்தான். நீங்க கோயம்புத்தூரு போயிருந்தப்ப வேரோட புடுங்கி வெந்நி அடுப்புல போட்டு எரிச்சுட்டோம். வசந்தாமணி ஊட்டு நாயி அந்தப் பொகையில அன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் சிரிச்சுட்டே கெடந்துச்சு.”

“அப்ப மேல இருக்கறது?”

“புளிச்சக்கீரைங்க. எலை ஒரே மாதிரி இருக்குமில்லீங்க? எங்கம்மாதான் அவசரத்துக்கு எடப்பாடியில இருந்து கன்னு குடுத்துவிட்டுச்சு.”

நாச்சிமுத்து கீரையைக் கடைந்த பிறகு மட்டுமே பார்த்துப் பழகியவர். சட்டியை எட்டிப் பார்த்தார். அடுப்பில் அவருடைய அறுவடை கொதித்துக்கொண்டிருந்தது. கடைந்தெடுத்த அயோக்கியனாகக் கிளம்பிய மனிதர் இத்தனை நாளும் கடைந்தெடுத்த கீரையைத் தின்றிருக்கிறார். ஏட்டு வீட்டுக் குழந்தைகளும்.

“ஏன் சொல்லல நீ?”

“இத்தன அக்கறையா நீங்க எதையுமே செஞ்சு நான் பாத்ததில்லீங்க. கெடுப்பானேன்னு உட்டுட்டேன்.”

அவருக்குக் கடைசியாக ஒரு நூலிழை மிச்சமிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கினார். “அது கெடக்கட்டும். நான் கஞ்சான்னு நெனச்சுத்தானே பேசுனேன்? அதனால அந்தப் பேச்சு செல்லாது.”

“ஏனுங்க, புளிச்சக்கீரை பேசுமுங்களா?” என்றாள் சென்னியம்மாள். “போதையே இல்லாம, முழு நெனவோட, மாமியாரக் கூப்புட்டு அழுத மாப்பிள்ளை இந்தச் சில்லாவுலயே நீங்க ஒருத்தருதானுங்க. ஊரெல்லாம் சொல்லி எங்கம்மாவுக்கு வாய் ஓயல.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எடப்பாடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார் மாரக்காள். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், கூடையில் ஒரு முட்டைக்கோழி. “எங்கீங்க என்ற கன்னுக?” என்று கேட்டபடி, யாரும் வழிகாட்டாமலே படியேறினார். தகரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு நாச்சிமுத்து பின்னால் ஏறினார்.

மாரக்காள் வாளிகளைப் பார்த்தார். தொட்டி நிழலைப் பார்த்தார். காவிரிப் பக்கமிருந்து வந்த காற்றை ஒரு மூச்சு இழுத்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மூச்சிரைக்க நின்ற மருமகனைப் பாசத்தோடு பார்த்தார்.

“எடம் நல்லாக் காத்தோட்டமா இருக்குதுங்க மாப்பிள்ளை. நான் இங்கயே இருந்துக்கறேன். பெட்டிய அப்படி எறக்கி வெச்சுட்டுக் கீழ நில்லுங்க, மிச்சச் சாமான் டெம்போவுல வருது.”