மூன்று பிரதிச் சேறு

எங்கள் விரிகுடாவின் அடியில் கடற்புல் வளர்ந்திருந்தது. நீரில் கரைந்த கார்பனை வாங்கி, வேருக்கடியில் சேற்றில் புதைத்து வைப்பது அதன் வேலை. பல நூறு ஆண்டுகளாக எவர் கையெழுத்தும் இல்லாமல் இது நடந்துவந்தது. இது முறையல்ல என்று எங்கள் துறைக்குப் பட்டது. இருப்பு எவ்வளவு என்று அளந்து அறிக்கை தருமாறு, ஆராய்ச்சியாளனான எனக்கு உத்தரவு வந்தது. திட்டத்தின் பெயர் கார்பன் பாதுகாப்பு.

நண்டு பிடிப்பவர் ஒருவரின் படகில் போனேன். அவருடைய நண்டுகள் அந்தப் புல்லுக்குள்தான் குடியிருந்தன. அவற்றை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. நாற்பது இடங்களில் குழாயை இறக்கிச் சேற்றை உருவினேன். புல்லும் கூடவே வந்தது. நாற்பதுதானே, தானாக மூடிக்கொள்ளும் என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

அலுவலகத்தில் எங்கள் கண்காணிப்பாளர் குழாய்களை மேசைமேல் அடுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"மூணு பிரதி எங்கே?"

"சார், இது சேறு."

"எதுவா இருந்தாலும் மூணு. ஒண்ணு நமக்கு, ஒண்ணு தலைமை அலுவலகத்துக்கு, ஒண்ணு தணிக்கைக்கு."

ஒன்றையே மூன்றாகப் பங்கிடலாமே என்றேன். துண்டு பிரதி ஆகாது, முழு நீளம் வேண்டும் என்றார். இன்னும் எண்பது எடுத்தோம்.

தணிக்கையில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒன்றில் சிப்பி ஓடு இருந்தது, மற்ற இரண்டில் இல்லை. ஆகவே நூற்றிருபதும் செல்லாது; பிரதிகள் ஒன்றுபோல அமையும்வரை எடுக்கவும் என்று கடிதம் வந்தது. கடல் ஒத்துழைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் குளிர்பதன அறை நிரம்பியது, நூலகம் நிரம்பியது, கண்காணிப்பாளர் நாற்காலியைப் பின்னால் தள்ள முடியாமல் போனது. விரிகுடா வழுக்கையானது. மிஞ்சிய சேற்றை அலை அள்ளிக்கொண்டு போயிற்று.

'விரிகுடாவின் கார்பன் இருப்பு, துறையின் நேரடிப் பாதுகாப்பில் உள்ளது' என்று அறிக்கை போயிற்று. பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அந்த வரியை எழுதியவன் நான். எழுதும்போது கொஞ்சமும் கூசவில்லை, இப்போது கூசுகிறது.

நண்டுக்காரர் காலிக் கூடையுடன் அலுவலகத்துக்கு வந்தார்.

"அளந்த வரைக்கும் போதும் சார். சேத்தைத் திருப்பிக் குடுங்க, நானே கொண்டுபோய்ப் போட்டுடறேன். புல்லு வந்தா நண்டு வரும்."

கண்காணிப்பாளர் மறுக்கவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"தாராளமா வாங்கிட்டுப் போங்க. போடற இடம் தகுதியான இடமான்னு மட்டும் பார்க்கணும். அந்த இடத்துச் சேறு மூணு பிரதி குடுத்துடுங்க."

மறுநாள் காலை படகை எடுத்தோம். எங்கு குழாயை இறக்கினாலும் வெறும் மணல். ஒரு மூலையில் மட்டும் பாய் அகலத்துக்குப் புல் தப்பியிருந்தது. சேறும் அதன் அடியில்தான் இருந்தது. நான் நண்டுக்காரரைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் படகைத் திருப்பியிருப்பேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

அவர் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துடுப்பை உள்ளே வைத்தார்.

"நாலா எடுத்துடுங்க சார். அப்புறம் இன்னொண்ணு கேட்டா யாரு அலையறது?"

நியாயமாகத்தான் பட்டது. நாலு எடுத்தேன்.