தசமம் சார் பூட்டிய கடிதம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தசமம் சாரைவிட ரகசியமான மனிதர் இருந்ததே கிடையாது. 'வரும்போது கத்தரிக்காய் வாங்கி வரவும்' என்பதைக்கூடப் பூட்டித்தான் எனக்கு மெயில் அனுப்புவார்.

2005இல் நாங்கள் இருவரும் மரக்காணத்தில் ஒரே அறையில் தங்கி, பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் பிசிக்ஸ் லேப், அவர் கணக்கு வாத்தியார். எதையும் பன்னிரண்டு தசம இடம் வரை போட்டுப் பார்ப்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் தசமம்.

கேயாஸ் தியரியை வைத்து, மெயிலைப் பூட்ட அவரே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியிருந்தார். ஓர் எண்ணை எடுத்து ஒரே கணக்கை ஆயிரம் முறை திரும்பத் திரும்பச் செய்வது. வருகிற எண்களைக் கொண்டு எழுத்துகளைக் கலைப்பது. அந்த முதல் எண்தான் சாவி.

"கடைசி தசமத்துல ஒண்ணு மாறினா போதும்பா, மொத்தமும் வேற ஆயிடும். எவனாலயும் தொறக்க முடியாது" என்று உப்பளத்து வரப்பில் நடந்தபடி விளக்குவார்.

உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து, "அவ்ளோ ரகசியம் என்னா சார் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சார் முகம் சிவந்துபோனது.

வைத்திருந்தார். கம்ப்யூட்டர் துறை உமா மேடத்துக்கு, தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று எழுதி, பூட்டி, திறக்கும் புரோகிராமோடு அனுப்பினார். சாவியைப் போனில் சொன்னார். நாலு நாள் பதில் இல்லை. மனிதர் சோற்றைத் தொடவில்லை. நான் வாங்கிவந்த மீன் குழம்பைப் பக்கத்து வீட்டுப் பூனைதான் சாப்பிட்டுப் பெருத்தது.

ஐந்தாம் நாள் கேன்டீனில் மேடமே எங்கள் மேஜைக்கு வந்தார்.

"சார், நாலு நாளா பாக்குறேன். நீங்க அனுப்புனது வெறும் குப்பையா வருது."

"சாவி சரியா போட்டீங்களா?"

"பன்னண்டு தசமமும் போட்டேன் சார். காலேஜ் கம்ப்யூட்டர்ல."

சார் பூட்டியது அறையிலிருந்த தன் பழைய கம்ப்யூட்டரில். இரண்டு மெஷினும் கடைசி இலக்கத்தை வெவ்வேறு மாதிரி ரவுண்ட் செய்திருக்கின்றன. அந்த இம்மி வித்தியாசம் பெருகிப் பெருகிக் கடிதத்தையே தின்றுவிட்டது. இது புரிந்ததும் சாருக்குச் சோகமெல்லாம் போய்விட்டது. தட்டை நகர்த்திவிட்டு மேஜை மேலேயே சாக்பீஸால் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும் சார். உள்ள என்ன எழுதியிருந்தீங்க?"

சாக்பீஸ் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

"கல்யாணம்... நம்ம ரெண்டு பேரும்... உங்களுக்கு சரின்னா..."

"சாவிய சொன்ன போன்லயே இதையும் சொல்லியிருக்கலாமே" என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேளுங்க. பூட்டாம கேளுங்க."

அடுத்த தையில் கல்யாணம். சார் பெட்டி, கம்ப்யூட்டரோடு புறப்பட்டுப் போனதும் அறை நன்றாக விசாலமாகிவிட்டது. நான் ஒரு மாதம்கூட அங்கே தாக்குப்பிடிக்கவில்லை.