மஞ்சள் சதுரத்துக்கு வெளியே ஒரு கல்தொட்டி

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பின்முற்றத்தில் இருந்த கல்தொட்டியைச் சமையலறை வாசல் பக்கமாக இரண்டடி தள்ளி வைத்துவிட்டுப் போனீர்கள். இது தவறு. மற்றபடி இங்கே நானும், உங்கள் அத்தையும், மூன்று கோழிகளில் இரண்டும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தொட்டியை நகர்த்தினீர்கள் என்பதற்காக அந்த விருப்பத்தில் நான் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நீங்கள் கிடங்கு மேற்பார்வையாளர். இங்கே இருக்கும் பெட்டியை அங்கே மாற்றுவது உங்கள் தொழில். நான் போல்ட் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் மிஷின் பொருத்தியவன். படிப்பு எட்டாவதோடு சரி, மிச்சத்தை நானே கற்றுக்கொண்டேன். எங்கள் பட்டறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் அதில் பெயின்டால் வரைந்து வைத்திருப்போம். ஸ்பேனர் காணாமல் போனால் அதன் உருவம் மட்டும் காலியாகத் தெரியும், எவன் எடுத்தான் என்று உடனே கேட்டுவிடலாம். அதே ஏற்பாட்டைத்தான் பின்முற்றத்துச் சிமென்ட் தரையிலும் செய்திருக்கிறேன். தொட்டிக்கு ஒரு சதுரம், தீனி டப்பாவுக்கு ஒரு வட்டம், கூட்டுக்கு ஒரு நீள்சதுரம், எல்லாம் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட். அன்றைக்கு நீங்கள் அதைப் பார்த்தீர்கள். "இது என்ன மாமா, கிரவுண்டுக்குக் கோடு போட்ட மாதிரி?" என்றுகூடக் கேட்டீர்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பதிலை ஆரம்பிப்பதற்குள், "கதவுகிட்ட இருந்தா அத்தைக்குத் தண்ணி ஊத்த சுலபமா இருக்கும்" என்று தள்ளிவிட்டீர்கள். உங்கள் அத்தை, "மாப்பிள்ளைக்கு இருக்கிற அக்கறை வேற யாருக்கும் இல்ல" என்றாள். அந்த வேற யார் நான்தான்.

என் கோழிகளைப் பற்றி உங்களுக்குச் சரியாகத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். முதலாமவள் கத்திரிக்கு மேலலகு ஒரு பக்கமும் கீழலகு ஒரு பக்கமுமாகக் கோணல். தரையில் கிடக்கும் தானியத்தை அவளால் பொறுக்க முடியாது. ஊறவைத்த தீனியை ஆழமான டப்பாவில் நாலு விரல் உயரம் நிரப்பினால்தான் அள்ளித் தின்பாள். தண்ணீர் குடிப்பதானால் முகத்தையே முக்கி, தெருமுனைவரை கேட்கிற மாதிரி சளப் சளப் என்று குடிப்பாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அலகு நுனியை மெல்லிய அரத்தால் ராவிவிடுகிறேன், அதுவரை ஆடாமல் நிற்பாள். பெஞ்சு என்பவளுக்குக் குஞ்சிலேயே கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துவிட்டன. முதல் வாரத்திலேயே பிளாஸ்திரியால் சேர்த்துக் கட்டியிருந்தால் நேராகியிருக்கும். அது தெரிவதற்குள் நாள் கடந்துவிட்டது. இப்போது உட்கார்ந்தே வாழ்கிறாள். நெஞ்சில் புண் வராமலிருக்கக் காலை மாலை அடியில் துணி மாற்ற வேண்டும். மூன்றாமவள் மேடம். அம்மை போட்டதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. கால்நடை டாக்டர், "இதையெல்லாம் வெச்சிக்கிட்டு எதுக்கு சார் கஷ்டப்படுறீங்க?" என்றார். கஷ்டப்படுவது யார் என்று அவரிடம் யார் கேட்டார்கள்? மேடத்துக்கு நான் ஒன்றே ஒன்றுதான் செய்தேன். எந்தப் பொருளையும் இடம் மாற்றவில்லை. கூட்டிலிருந்து தொட்டிக்கு அவள் நடையில் இருபத்தாறு எட்டு. ஒரு வருஷமாக இருபத்தாறாவது எட்டில் குனிந்தால் தண்ணீர்.

திங்கட்கிழமை காலையில் மேடம் இருபத்தாறு எட்டு நடந்து, குனிந்து, சிமென்ட் தரையைக் கொத்தினாள். டொக். தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு மறுபடியும் டொக். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது மாப்பிள்ளை. நான் தொட்டியைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன். "கோழிக்காகவா சார் மெஷினை நிறுத்திட்டு ஓடி வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். சரி என்று சதுரத்துக்குள் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன். கத்திரி மிதித்துக் கவிழ்த்தாள். வாளி வைத்தேன், உங்கள் அத்தை துணி அலச எடுத்துப் போய்விட்டாள். நான்கு நாளாகக் கரண்டியில் கொண்டுபோய் அலகுக்குப் பக்கத்தில் நீட்டுகிறேன், மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவ்வளவு கோபம் உங்கள் மேல். தண்ணீர் இல்லாமல் அவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கிடையில் அந்தத் தொட்டியில் மோதி ஒரு முழங்கால் வீங்கியிருக்கிறது. யாருடைய முழங்கால் என்பது இப்போது முக்கியமில்லை.

உங்கள் அத்தை என்ன சொல்கிறாள் தெரியுமா? "குருட்டுக் கோழிக்கு எதுக்குங்க மஞ்சக் கோடு? அது என்ன பார்த்துப் படிக்கப்போகுதா?" இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. கண் டாக்டரிடம் வருகிற புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருப்பதாக உங்கள் வீட்டுக்காரி போன் செய்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் கண் எனக்குத் தெரியும்.

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் வந்து தொட்டியைச் சதுரத்துக்குள் தள்ள வேண்டும். கோட்டுக்கு ஒரு நூல் வெளியே நின்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மகள் மேடத்திடம் உங்கள் சார்பாக நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும். அத்தை அந்த நேரத்தில் உங்கள் அக்கறையைப் பாராட்டக் கூடாது. அதுவரை உங்கள் முதுகு நல்ல பலத்தோடு இருக்கட்டும், அது எனக்கு வேண்டும். வேலையில் உயர்வும் வீட்டில் அமைதியும் குறையாமல் வாழுங்கள்.

இப்படிக்கு,
எதையும் நகர்த்தாத மாமா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் அத்தை வெளியிலிருந்து கூப்பிட்டாள். போனேன். தொட்டியோரம் கத்திரி சளப் சளப் என்று குடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மேடம் நேராக நடந்துபோய்ப் பக்கத்தில் நின்று குடித்தாள். அதைக்கூடக் குனிந்து கிட்டத்தில் போய்த்தான் பார்த்தேன். "திங்கக்கிழமை மத்தியானத்திலேருந்து அங்கதான் குடிக்குது. நீங்க பார்த்திருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள் உங்கள் அத்தை. கரண்டியை மேடம் ஒதுக்கியது கோபத்தால் அல்ல, தாகம் இல்லாததால். முழங்கால் என்னுடையது. வாசலிலிருந்து தொட்டிக்கு என் நடையில் ஒன்பது எட்டு. ஒரு வருஷமாக நான் எண்ணித்தான் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எட்டாவது எட்டிலேயே தொட்டி வந்துவிட்டது. மஞ்சள் கோடு யாருக்கு என்று அத்தை இனிமேல் கேட்க வேண்டியதில்லை. ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு இதன்படி செய்யவும்:

தொட்டியை இனி யாரும் தொடக் கூடாது. முக்கியமாக நீங்கள்.

புதன்கிழமை என்னைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டியது நீங்கள். வழியில் பேச்சு வேண்டாம்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லாமல் இருக்க வேண்டியது என் மகள்.

நான் திரும்பி வரும்வரை பெஞ்சுக்குத் துணி மாற்ற வேண்டியது அத்தை.

புதிய இடத்தில் கோடு போடுவதா வேண்டாமா என்று, ஆபரேஷன் முடிந்து கண் கட்டை அவிழ்த்தபிறகு முடிவு செய்ய வேண்டியது நான்.

அதுவரை சத்தமாகத் தண்ணீர் குடிக்க வேண்டியது கத்திரி.