குட்டியின் நற்செயல் கோப்பு

பொறுப்புள்ள குடிமக்கள் பிறப்பதில்லை. கோப்பில் போட்டு உருவாக்கப்படுகிறார்கள். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்த பெருமை குட்டியின் பள்ளிக்கூடத்தைச் சேரும். அதை முழுமையாகப் புரிந்துகொண்ட பெருமை குட்டியின் அப்பாவைச் சேரும். அவர் இருபத்திரண்டு வருடமாகத் தலைமை எழுத்தர். காகிதத்தில் ஏறாத எதுவும் உலகத்தில் நடக்கவே இல்லை என்று நம்புகிறவர்.

பள்ளியின் உத்தரவு எளிமையானது. குட்டியின் வகுப்பில் படிக்கும் ஒன்பது வயதுக் குழந்தைகள் ஒவ்வொருவரும் மாதம் ஒன்றாக வருடத்துக்குப் பன்னிரண்டு ‘நற்செயல்’ செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சீருடையில் ஒரு போட்டோ, ஒரு சாட்சிக் கையெழுத்து. சிறந்த கோப்புக்கு ஆண்டு விழா மேடையில் கேடயம்.

அப்பா பன்னிரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தார். மாதத்துக்கு மாதம் மாறியது குட்டியின் தலை ரிப்பன் மட்டும்தான். ‘மரம் நடுதல்’ படத்துக்காகப் பூங்காவில் நன்றாக வேர்விட்டிருந்த ஒரு கன்றைப் பிடுங்கி, இரண்டடி தள்ளி நட்டார்கள். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி பிடுங்கினார்கள். மூன்றாவது நடவில் அந்தக் கன்று பொதுச்சேவையில் உயிர் நீத்தது. படத்தில் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

அடுத்து ‘ஆதரவற்ற முதியவருக்கு உணவளித்தல்’. அதற்குப் பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரர் அழைத்து வரப்பட்டார்.

“எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க சார். நேத்துகூட வந்துட்டுப் போனாங்க.”

“அதெல்லாம் போட்டோல தெரியாது சார். மூஞ்சியைக் கொஞ்சம் தொங்கப் போடுங்க.”

“இப்பதான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.”

“சாப்பிட வேணாம். கையை நீட்டினா போதும்.”

“அப்பா, தாத்தாவுக்குப் பசிக்கலையே, அப்புறம் எதுக்குக் குடுக்கணும்?” என்றாள் குட்டி.

“கேள்வி கேக்கறது அந்தப் பன்னெண்டுல இல்லம்மா” என்றார் அப்பா. எவ்வளவு பொறுமையான வளர்ப்பு, பாருங்கள்!

கேடயம் குட்டிக்குத்தான் என்று கடிதம் வந்தது. விழா காலை பத்து மணிக்கு. முன்வரிசையில் இடம் பிடிக்க அம்மா எட்டு மணிக்கே போய்விட்டாள். ஒன்பதே முக்காலுக்கு அப்பாவும் குட்டியும் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். வளைவில் ஒரு தையற்காரி சைக்கிளோடு சறுக்கி விழுந்து கிடந்தாள். நெற்றியில் ரத்தம். தைத்த துணி மூட்டை அவிழ்ந்து தரையெல்லாம் சிதறியிருந்தது. வண்டிகள் ஒரு துணியைக்கூட மிதிக்காமல், மிகுந்த குடிமை உணர்வோடு, அவளைச் சுற்றிக்கொண்டு போயின. அப்பாவும் சுற்றினார்.

“அப்பா, நிறுத்துங்க! அந்த அக்கா விழுந்துட்டாங்க!”

“யாராவது பாத்துப்பாங்கடா.”

“எல்லாரும் பாத்துட்டுதான் போறாங்க!”

“‘காயம்பட்டவருக்கு முதலுதவி’ நாம ஆகஸ்ட்லயே முடிச்சாச்சு. பச்சை ரிப்பன் கட்டினோமே, ஞாபகம் இல்ல?”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. குட்டி கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள். அப்பா போய்ப் பார்த்தபோது, அவள் நடுரோட்டில் உட்கார்ந்து தன் கைக்குட்டையைத் தையற்காரியின் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தாள். வெள்ளைச் சீருடை முழுக்க ரத்தம். அந்த அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாவிட்டால் காரில் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். படுத்தபடியே தையற்காரி குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னை இவ்வளவு நல்லா வளர்த்தது யாரு கண்ணு?”

“எங்கப்பாதான்” என்று குட்டி அவரைக் கைகாட்டினாள்.

அப்பாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே முக்கால். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேடயம் வேறொரு கோப்புக்குப் போயிருந்தது. அம்மா முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் தலைமையாசிரியை விசாரணையைத் தொடங்கினார்.

“போட்டோ எடுத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“சாட்சி?”

“ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க.”

“அப்ப எதை வெச்சு நம்பறது? சீருடையில கறை இருக்கு, அது மட்டும்தான் தெரியுது. நாளைக்கே எழுத்து மூலமா விளக்கம் குடுங்க. இல்லைன்னா அடுத்த வருஷப் போட்டியில பேர் சேர்க்க மாட்டோம்.”

அப்பா தன் இருபத்திரண்டு வருட அனுபவத்தையும் திரட்டி, அன்று மாலையே எழுதி முடித்தார்:

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, வணக்கம். எங்கள் மகள், வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவருக்கு முன்னனுமதியோ புகைப்படமோ இன்றி உதவிவிட்டபடியால், விழாவுக்கு உரிய நேரத்தில் வர இயலவில்லை. இது அவளுடைய முதல் குற்றம் என்பதைக் கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறோம். சிறு குழந்தை; விவரம் போதாது. எங்கள் வளர்ப்பிலும் தங்கள் பள்ளியின் பயிற்சியிலும் கூடிய விரைவில் எங்களைப் போலவே ஆகிவிடுவாள் என உறுதி கூறுகிறோம்.”