ஆகாயக் கேமராவும் மோப்ப அண்ணனும்

மலேசியாவில் எங்கள் ரவாங் ஊர் முழுக்க வலை போட்டுத் தேடினாலும், எங்கள் மோப்ப அண்ணனைப் போல மூக்காலேயே விஞ்ஞானம் செய்த இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்ட பட்டறையில், செயற்கைக்கோளில் ஏறப் போகும் கேமரா ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். பூமிக்கு மேலே, காற்று மெலிந்துபோன உயரத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி இருக்கிறதாம். அதைப் படம் பிடிக்கத்தான் இந்தக் கேமரா. உள்ளே இருக்கும் கண்ணாடியில் எண்ணெய் ஆவி துளியளவு படிந்தாலும் போச்சு, படம் இருண்டுவிடும்.

ஆகவே அண்ணன் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மோந்து பார்ப்பார்.

"தலையில என்ன தங்கச்சி, தேங்காயெண்ணெயா? குளிச்சிட்டு வா லா!" என்று என்னையே ஒருநாள் திருப்பி அனுப்பினார்.

செண்ட் அடித்துக்கொண்டு வந்த முதலாளியம்மாவை, அந்த அம்மாவின் சொந்தப் பட்டறைக்குள்ளேயே விடவில்லை. அண்ணன் தன் கல்யாணத்தில்கூட மாலையை ஒரு முழம் தள்ளிப் பிடித்தாராம். நான் நம்புகிறேன்.

கடைசிச் சோதனை நாள் வந்தது. தேறினால் செயற்கைக்கோளில் இடம். தேறாவிட்டால் அந்த இடம் வேறு குழுவுக்கு. கேமராவைக் காற்றில்லாத தொட்டியில் வைத்துச் சூடாக்கி, சோதனை விளக்கைப் போட்டோம். திரையில் கும்மிருட்டு!

"எவன் லா எண்ணெயோட உள்ள போனது?" அண்ணன் குதித்தார். எங்களை வரிசையாக நிறுத்தி மோந்தார். யாரும் சிக்கவில்லை. கேமராவைத் திறந்தோம். மூடியின் உள்பக்கம், வட்டமாக, அழகாக, ஒரு சந்தனப் பொட்டு! அதன் எண்ணெய்தான் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. அந்த அறைச் சாவியோ அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, நீங்களா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "காஞ்ச சந்தனம், ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேம்மா. லோரிக்கே பொட்டு வைக்கிறோம். ஆகாயத்துக்குப் போற புள்ளைய வெறும் நெத்தியோட அனுப்ப மனசு வரல."

முதலாளியம்மா திட்டவில்லை. "வேற கண்ணாடி இருக்குல்ல? இன்னிக்கே மாத்துங்க. ஆனா நீங்க உள்ள போகக் கூடாது," என்றார்.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று, "மெதுவா! மெதுவா லா!" என்று கத்திய கத்தலில் அவர் தொண்டையே கட்டிக்கொண்டது. மறு சோதனையில் படம் பளிச்! நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

கேமரா மேலே போய், முதல் படம் வந்த அன்று பட்டறையே திரைமுன் முண்டியடித்தது. பூமியின் விளிம்பில் நூல்போல் ஓர் ஒளி. "ஐயோ, கண்ணு முழிச்சிருச்சு எம்புள்ள!" என்று அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். அத்தனை பாடுபட்டு வாங்கிய படத்தை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.